மாட்டுத்தாவணிச் சேறு

உலகச் சண்டைக் காலத்தில் எதற்கெல்லாமோ தட்டுப்பாடு வந்தது. அரிசிக்கு வந்தது, மண்ணெண்ணெய்க்கு வந்தது, துணிக்கு வந்தது. என் வேலையில் கை வைத்தது டயர்த் தட்டுப்பாடு.

நான் அப்போது மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது என் பொறுப்பு. அதற்காக எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டிய சைக்கிள். பெண் ஒருத்தி சைக்கிளில் போவதைப் பார்க்க முதலில் தெருவே வாசலுக்கு வந்தது. ஊரில் பாதி வீடுகளில் நான் எடுத்த பிள்ளை ஒன்று வளரத் தொடங்கிய பிறகு யாரும் பார்ப்பதில்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டது பயிற்சிக் காலத்தில், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள். காய்ந்த மண்ணில் கற்றுக்கொண்டதால் சைக்கிள் என்றால் விழாமல் ஓட்டுவது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மதுரைத் தெருக்கள் மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தன. சாயம் போடுகிறவர்கள் இருக்கும் தெருவில் சாக்கடை நிரம்பினால் கல் பாவிய தரை சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். செக்கு ஆடும் தெருவில் வண்டிச் சக்கரங்கள் எண்ணெயை நெடுகப் பூசி வைத்திருக்கும். ஆடி மாதம் வேப்பம்பழம் உதிர்ந்து நசுங்கிக் கிடக்கும் இடத்தில் நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு தரைப்பாலத்தில் படிந்திருக்கும் பாசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு.

விழுந்து விழுந்து எனக்கென்று சில பழக்கங்கள் வந்தன. ஈரத்தில் பிரேக்கைப் பிடிப்பதில்லை. மிதிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, சைக்கிள் தானாக வேகம் குறையும்வரை விட்டுவிடுவேன். வழுக்கும் இடத்தில் ஹேண்டில்பாரைத் திருப்ப மாட்டேன். திரும்ப வேண்டியதை அதற்கு முன்போ பின்போ திரும்பிக்கொள்வேன். மழை நாளில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். கால் தரையில் எட்டும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன். அப்படியும் சந்தேகமாக இருந்தால் இறங்கி நடப்பேன். இறங்கி நடப்பதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. கேரியரில் கட்டிய பையில் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன.

ஆனால் டயரே தேய்ந்து போனால் எந்தப் பழக்கமும் பாதிதான் உதவும். சண்டை தொடங்கிய பிறகு புது டயர் என்பது கண்ணில் படாத பொருளாகிவிட்டது. பழைய டயரை அறுத்து உள்ளே வைத்துத் தைப்பார்கள். தோல் துண்டு வைத்துத் தைப்பார்கள். மேலே வரி ஒன்றும் இருக்காது. வழித்த தலை மாதிரி இருக்கும். ஊரே அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மாதம், மழை பிடித்த ஒரு நாள் காலையில், ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தலையில் தொப்பி, இடுப்பில் கைலி, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. எனக்கு அவரை முகப் பழக்கம் உண்டு. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகும் வழியில் தகரப் பெட்டி செய்யும் கடை வைத்திருந்தார். ராணுவத்துக்கே தகரம் போதாத காலமாகிவிட்டதால் புதுப் பெட்டி செய்வது நின்று, பழைய பெட்டிக்கு அடிப்பக்கம் மாற்றுவது, கொண்டி வைப்பது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது.

"நர்ஸம்மா, வீட்ல வலி எடுத்துருச்சு. தலைப்பிரசவம். ஒத்தக்கடைக்கு அங்கிட்டு, அவ தாய் வீட்ல இருக்கா. ஊர் மருத்துவச்சி பார்த்துட்டு, பிள்ளை கால் முன்னால வருது, என்னால ஆகாதுங்குது. வண்டியில தூக்கிட்டு வரலாம்னா அம்புட்டுத் தூரம் தாங்குவாளான்னு பயமா இருக்கு."

டாக்டரம்மா ஆபரேஷன் அறையில் இருந்தார். உள்ளே போய்ச் சொன்னேன். "நீ போ. முடியாதுன்னு தெரிஞ்சா தாமதிக்காம வண்டியில ஏத்திக் கொண்டு வா" என்றார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஒரு பெரிய பாட்டிலில் நிரப்பிப் பைக்குள் வைத்தேன். பையை மெழுகுத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டினேன். குதிரைவண்டி கிடைக்குமா என்று பார்த்தோம். அந்த மழையில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சைக்கிளிலேயே கிளம்பினோம்.

அவருடைய சைக்கிளை அப்போதுதான் பார்த்தேன். பின் டயரில் நூல் தெரிந்தது. விடியற்காலையில் அதே சைக்கிளில் அந்த மழையில் அவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறார். இப்போது திரும்பவும் மிதிக்க வேண்டும்.

"நீங்க எனக்குப் பின்னால வாங்க. நான் போற தடத்துலயே வாங்க. பிரேக்கைப் பிடிக்காதீங்க" என்று சொன்னேன்.

"சரிங்க நர்ஸம்மா" என்றார். கொஞ்ச தூரம் அப்படியே வந்தார். ஊரைத் தாண்டியதும் அவரால் முடியவில்லை. பக்கத்தில் வந்தார், பிறகு முன்னால் போனார். போய்விட்டு, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்துக் காத்து நின்றார். அவர் மனம் அந்த வீட்டில் இருந்தது. அதற்குமேல் நானும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் பக்கத்தில் வரும்போது கேட்டார்.

"கால் முன்னால வந்தா பிள்ளை பிழைக்குமா?"

"பிழைச்ச பிள்ளைகள எத்தனையோ பார்த்திருக்கேன்" என்றேன். அது உண்மை. பிழைக்காதவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் மாட்டுத்தாவணி ஊருக்கு வெளியே கிடந்த வெட்டவெளி. பெயருக்குத் தகுந்தபடி மாடுகள் வந்து கட்டும் இடம். மழை பெய்தால் அங்கே கிடக்கும் சாணமும் வைக்கோலும் மூத்திரமும் சேர்ந்து குழம்பாகி, தாழ்வான பக்கமாக ஓடி வந்து திருச்சி ரோட்டின் ஓரத்தில் படியும். நடுவில் தார். அந்தத் தாரின்மேல் நாள் முழுவதும் ராணுவ லாரிகள் எண்ணெய் சிந்திக்கொண்டு போகும். மழைத் தண்ணீரில் அந்த எண்ணெய் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். நடுவிலும் வழுக்கல், ஓரத்திலும் வழுக்கல். அந்த இடத்தை நான் எப்போதும் நடந்தேதான் கடப்பேன். இறங்கப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. முதல் லாரி ஹாரன் அடித்தது. அவர் ஓரத்துக்கு ஒதுங்கினார். முன்சக்கரம் சாணக் குழம்பில் இறங்கியதும் பிரேக்கைப் பிடித்துவிட்டார். யாராயிருந்தாலும் பிடித்திருப்பார்கள். பின்சக்கரம் விலகி முன்சக்கரத்தை முந்திக்கொண்டு வந்தது. சைக்கிள் அவரைச் சேற்றில் சாய்த்து, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டும் போனது. லாரிகள் நிற்காமல் போய்விட்டன.

நான் மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளை ஓடவிட்டு, காலை ஊன்றி நின்று, அவரிடம் ஓடினேன். அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெடலின் முனை முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்திருந்தது. நீளமான கிழிசல். உள்ளெல்லாம் கறுப்பாகச் சேறு. எழுந்து நிற்கப் பார்த்தார். கணுக்காலும் பிசகியிருந்ததால் நிற்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க" என்றார்.

"இதைக் கழுவாம போக முடியாது."

"தகரம் கிழிக்காத நாள் எனக்கு உண்டா நர்ஸம்மா? கையப் பாருங்க." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரலெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். "மண்ணெண்ணெயத் தடவிட்டு வேலை பார்ப்பேன். அங்க அவ தனியாக் கிடக்கா. போங்க."

பாட்டிலைத் திறந்து தண்ணீரைப் புண்ணில் ஊற்றினேன். முழுவதையும் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. போகும் வீட்டில் அது வேண்டியிருந்தது. பாதியை ஊற்றி, சேற்றை முடிந்தவரைக்கும் துடைத்து எடுத்து, டிஞ்சரைத் தடவிக் கட்டினேன். டிஞ்சர் பட்டபோதுதான் பல்லைக் கடித்தார்.

"இதுக்கு ஊசி போடணும், அது எங்ககிட்ட இல்ல. சாணி பட்ட புண்ணு. வர்ற வண்டியில ஏறி நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

"பிள்ளையப் பார்த்துட்டுப் போறேன்" என்றார். பிறகு வழி சொன்னார். ஒத்தக்கடை தாண்டி இடது பக்கம் வண்டிப்பாதை. ஆனைமலை வலது கைப் பக்கமாகத் தெரிந்துகொண்டே வரும். பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் பச்சைக் கதவு. "நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்" என்றார்.

அவரை ஒரு புளியமரத்தின் அடியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஏறி மிதிக்கத்தான் கால் பரபரத்தது. ஆனாலும் அந்த இடம் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். நானும் விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லை. அந்த நடை மாதிரி நீண்ட நடையை அதற்குப் பிறகு நான் நடந்ததில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் அவர் கையை வீசி, போ போ என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

வண்டிப்பாதை களிமண். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துச் சைக்கிள் உருள மறுத்தது. குச்சியால் குத்திக் குத்தி எடுத்தும் பயனில்லாமல், கடைசியில் சைக்கிளை ஒரு கிணற்று மேட்டில் போட்டுவிட்டுப் பையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

பச்சைக் கதவைத் தட்டும் முன்பே திறந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளறையில் அந்தப் பெண் கிடந்தாள். பத்தொன்பது இருபது வயது. கத்தி ஓய்ந்துபோன முகம். பிள்ளையின் ஒரு கால் வெளியே வந்திருந்தது. வண்டியில் ஏற்றிப் போகும் நேரம் கடந்துவிட்டது. மருத்துவச்சியும் நானுமாகப் பார்த்தோம். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது என்று கற்றிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் அந்தப் பிரசவத்தில் மிகவும் கடினமான வேலை. உடல் வந்தது, தோள் வந்தது, தலை நின்றது. பிறகு தலையும் வந்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்து, துணி மாதிரித் துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து... அது அழுதபோது அறைக்கு வெளியே ஆண்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

"அவுக எங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். அதுவரை அவள் கேட்கவில்லை.

"பின்னால வண்டியில வாராரு. கால்ல சின்ன அடி" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். வைக்கோல் வண்டியில், காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். மாமனார் தாங்கிப் பிடிக்க உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றபடி, குழந்தையைக் கையில் வாங்கி அதன் காதில் மெதுவாகப் பாங்கு சொன்னார். குரல் இடையில் நின்று நின்று வந்தது. அறையில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டை அவிழ்த்து மறுபடி கழுவிக் கட்டினேன். சோப்புப் போட்டு, அவர் முகம் சுளிக்கச் சுளிக்கக் கழுவினேன். ஊசியைப் பற்றி மாமனாரிடம் தனியாகவும் சொன்னேன். "காலையில கூட்டிட்டுப் போறேன்மா" என்றார் அவர்.

காலையில் மழை கூடிவிட்டது. கண்மாய் உடைந்து வண்டிப்பாதையில் தண்ணீர் ஓடியதாம். அடுத்த நாள் புண் காயத் தொடங்கியிருந்ததாம். வீங்கவில்லை, சீழ் வைக்கவில்லை. கணுக்கால் வலியும் குறைந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, காய்ந்துகொண்டிருக்கும் புண்ணுக்கு ஊசி எதற்கு என்று தோன்றியிருக்கும். கை நிறையத் தழும்பு உள்ள மனிதர் அவர். நான் முழங்கால் தண்ணீரில் நடந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க ஒருமுறை போனபோது, தண்ணீர் வடிந்ததும் போகிறேன் என்றார். போக வேண்டும் என்று நான் கண்டித்துச் சொன்னேன். சிரித்தார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் மனைவியின் தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். "மச்சானுக்கு வாயத் தொறக்க முடியல நர்ஸம்மா. கஞ்சிகூட இறங்கல. கழுத்து வேற புடிச்சுக்கிச்சு."

என் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தேன். அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரண ஜன்னி; டாக்டர்கள் டெட்டனஸ் என்பார்கள். மண்ணிலும் சாணத்திலும் இருந்து புண்ணுக்குள் போவது. மேலே புண் ஆறிக்கொண்டிருக்கும். அது உள்ளே தன் வேலையைச் செய்யும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடிய அறையில் அவரை வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடல் வில் மாதிரி வளைந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்த நோய் முகத்தைச் சிரிப்பதுபோல இழுத்துவிடும். நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச முடியவில்லை. நான் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அதற்கு மேல் அந்த அறையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு நாளில் இறந்துவிட்டார்.

நான் தப்புச் செய்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. இன்னொரு முறை அதே ரோட்டில் அதே இடத்தில் நின்றாலும் அதே தண்ணீரைத்தான் இரண்டாகப் பங்கு போடுவேன். ஆனால் அப்படித் தெரிந்திருப்பது ஆறுதலாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. ஒருவர் லாரி மோதிச் செத்தால் மனம் ஒப்புக்கொள்கிறது. ஒரு கை அகலச் சேற்றில் வழுக்கி, எழுந்து உட்கார்ந்து, பேசிச் சிரித்து, பிள்ளையின் காதில் பாங்கு சொன்ன மனிதர் அந்த வழுக்கலில் செத்தார் என்பதை என் மனம் வெகுகாலம் ஏற்கவில்லை.

அந்தப் பெண், கணவனுக்காகத் துக்கம் காக்கும் இத்தா இருந்த நாட்களில் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில், உள்ளறையில், ஆண்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. அவள் அம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு அவள் கேட்டாள்.

"விழுந்தப்ப என்ன சொன்னாக?"

"எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னாரு."

"வேற?"

"நீ தனியாக் கிடக்கேன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு." ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அப்படி வந்துவிட்டது.

அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் தனியாவா இருந்தேன்? வீடு நிறைய ஆளு" என்றாள். பிறகு, "அவுகளுக்கு அப்படித்தான் இருந்திருக்கு" என்றாள். அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இனி மழைக் காலத்தில் குதிரைவண்டி வைத்துக்கொள் என்றார். வண்டி வரும்வரை பிரசவம் காத்திருக்காது என்று சொல்லிவிட்டேன். சைக்கிளை விடவில்லை. ஆனால் யார் என்னை அழைக்க வந்தாலும், அவர்கள் சைக்கிளின் டயரைத் தடவிப் பார்த்த பிறகுதான் கிளம்புவேன். தேய்ந்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு என் பின்னால் நடந்து வரச் சொல்வேன். சிலருக்குக் கோபம் வந்தது. "உசிர் போகுது, இந்தம்மா டயரத் தடவுது" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். வழுக்கும் இடத்தில் நான் இறங்கினால் கூட வருகிறவர்களும் இறங்க வேண்டும். இதில் எனக்கும் ஊராருக்கும் பல தடவை வாக்குவாதம் நடந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம். அந்த ஒத்தக்கடைப் பெண் குதிரைவண்டியில் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். குழந்தை நடை பழகும்போது வாசலில் விழுந்துவிட்டதாம். முழங்காலில் சிராய்ப்பு. கட்டை விரல் அகலம்கூட இல்லை. ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. குழந்தை என் தலையில் இருந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒத்தக்கடையில இருந்து வண்டி பிடிச்சு வந்தீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் குழந்தையை வாங்கி மேசையில் உட்கார வைத்தேன். வெந்நீரும் சோப்பும் கொண்டு வரச் சொன்னேன். குழந்தையின் தாய் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சிராய்ப்பைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். குழந்தை வீறிட்டு அழுதது.

"இன்னும் கொஞ்சம் கழுவுங்க நர்ஸம்மா" என்றாள் அவள்.

இன்னும் கொஞ்சம் கழுவினேன்.